டெக் டிக்கெட்டுக்காரர்களும் ரஜூலாவின் ரசிகர்களும்

சில மாதங்களுக்கு முன் ஓசூரில் ஓர் இலக்கியச் சந்திப்பு. இருபது பேர் வந்தாலே பெருங்கூட்டம் என்று நாங்கள் மகிழ்ந்துபோகும் வகையைச் சேர்ந்தது. அன்று பேசிய நண்பர் பழைய கப்பல்களின் தீவிர ரசிகர். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அஞ்சலட்டைகள், புறப்பாட்டு அட்டவணைகள், மேல்வகுப்பு உணவுப் பட்டியல்கள் என்று இரண்டு அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருப்பவர். எஸ்.எஸ். ரஜூலா என்ற கப்பலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கரிய உடல், கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், கிளாஸ்கோவில் அதைக் கட்டிய பட்டறை, அதன் எடை, அதன் வேகம் எல்லாம் வந்தன. படங்களைத் திரையில் காட்டும்போது அவர் குரல் இளகியது. எங்களுக்கும் இளகியது என்பதை மறைக்க விரும்பவில்லை. கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போக வேண்டிய ஊர்க்காரர்கள் நாங்கள். கப்பலென்றால் எங்களுக்கு இன்னும் வியப்புதான்.

பேச்சு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டேன். "நீங்கள் காட்டிய முப்பது படங்களில் ஒன்றில்கூட டெக்கில் படுத்திருந்த மனிதர்கள் இல்லையே, ஏன்?" நண்பர் கோபப்படவில்லை. பொறுமையாகவே பதில் சொன்னார்: "ஐயா, நான் கப்பலைப் பற்றிப் பேச வந்தேன். நீங்கள் கூலிகளின் வரலாற்றைக் கேட்கிறீர்கள். அது வேறு தலைப்பு." அவையில் பலர் தலையசைத்தார்கள். நானும் அந்த நேரத்தில் வாயடைத்துப் போனேன். கெலமங்கலத்துக்குத் திரும்பும் பேருந்தில்தான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. இக்கட்டுரை அந்தப் பதில்.

*

முதலில் நண்பரின் களத்திலேயே நின்று பேசுவோம். ரஜூலா எத்தகைய கப்பல்?

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் பார்க்ளே கர்ல் நிறுவனம் கட்டிய கப்பல் அது. எட்டாயிரத்துச் சொச்சம் டன். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பதே அதன் வழித்தடம். போர்க்காலத்தில் படைகளைச் சுமந்தது. மற்றபடி 1973 வரை, ஏறத்தாழ ஒரு மனித ஆயுளின் உழைப்புக் காலம் முழுவதும், அதே வழியில் போய் வந்துகொண்டிருந்தது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறு ஆண்டே பம்பாயில் உடைத்தார்கள்.

இவ்வளவையும் நண்பர் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட எண் ஒன்று உண்டு. கட்டப்பட்டபோது ரஜூலாவின் அறைகளில் பயணம் செய்யக் கூடியவர்கள் சில பத்துப் பேர். டெக்கில் ஏற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர்களோ ஐயாயிரத்துக்கும் மேல்! பிற்காலத்தில் இந்த எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தார்கள் என்றாலும், அந்தக் கப்பலை வரைந்தவரின் மேசைமேல் இருந்த கணக்கு இதுதான். சில பத்துப் பேர் உண்பதற்கான கூடத்தின் மர வேலைப்பாட்டைக் காட்டி "இதுதான் ரஜூலா" என்றால், தேரின் உச்சியிலுள்ள கலசத்தைக் காட்டி இதுதான் தேர் என்பதைப் போலத்தான் ஆகும். சக்கரம் எங்கே? வடம் எங்கே? வடம் பிடித்தவர் எங்கே?

"அது வேறு தலைப்பு" என்ற வாக்கியத்தோடுதான் என் சண்டை. ரஜூலாவைப் பொறுத்தவரை டெக்கே கப்பல். அந்தத் தளங்களின் உயரம், காற்றோட்டம், தனித்தனிச் சமையற்கட்டுகள், தண்ணீர்க் குழாய்களின் எண்ணிக்கை என ஒவ்வொன்றும் பாய் விரித்துப் படுக்கும் ஆயிரக்கணக்கானோரை மனத்தில் வைத்து முடிவானவை. கப்பல் பொறியியலின்மீது உண்மையான காதல் கொண்ட ஒருவர் முதலில் பேச வேண்டியது அந்தத் தளங்களைப் பற்றி. நண்பர் பேசியது கம்பெனியின் விளம்பர அட்டை எதைப் பேசியதோ அதை. நூறு ஆண்டு கழிந்தும் நாம் கம்பெனியின் விளம்பரத்தையே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

*

அந்த ஐயாயிரம் பேர் ஏன் வந்தார்கள்? ஒருவரும் கடற்காற்று வாங்க வரவில்லை.

மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தைக் கங்காணி முறை முழுமையாகப் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவனுக்கு உரிமம் கொடுத்து அவனைத் தன் ஊருக்கே அனுப்பி, சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்து வரச் செய்யும் ஏற்பாடு அது. பயணச் செலவை 1907இல் உருவான குடியேற்ற நிதி ஏற்றது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையால் ஆனது அந்த நிதி. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கே தங்கவைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய், அலையின் ஏற்ற இறக்கத்தில் குழந்தையைக் கை மாற்றிக் கொடுத்துத்தான் ஏற வேண்டும். அந்தப் பக்கம் பினாங்கில் இறங்கினால் உடனே ஊருக்குள் விட மாட்டார்கள். ஜெரெஜாக் தீவில் தடுத்துவைத்து நோயில்லை என்று உறுதிசெய்த பிறகே தோட்டம்.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, அழைத்துப் போனவர்களையே ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு விலை ஏறியபோது மீண்டும் அழைத்தார்கள். ரப்பர் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மனிதர்களை ஏற்றவும் இறக்கவும் பயன்பட்ட இயந்திரத்தின் ஓர் உறுப்பு ரஜூலா. 1938 ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். அதன் பின் ஏறத்தாழ நான்காண்டு அந்த வழியில் பயணிகள் கப்பலே இல்லை. கணவன் அங்கே, மனைவி இங்கே என்று நின்றுபோன குடும்பங்கள் எத்தனை! சயாம் மரண ரயில் பாதையில் செத்தவர்களின் செய்தி ஊருக்கு வந்து சேரவே பல ஆண்டுகள் ஆயின. வராமலே போனவையும் உண்டு.

போருக்குப் பின் கதை வேறு திசையில் திரும்பியது. 1950களின் தொடக்கத்தில் மலாயாவின் குடிநுழைவுச் சட்டங்கள் இறுகின. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்ட தமிழர்கள் பல்லாயிரவர் மூட்டை கட்டினார்கள். ரஜூலாவின் கடைசி ஆண்டுகள் அவர்களின் ஆண்டுகள். நம் ஏக்கக் கட்டுரைகள் எப்போதும் 'போன' கப்பலையே நினைக்கின்றன. 'திருப்பி அனுப்பிய' கப்பல் அவற்றில் வருவதில்லை.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். "நீங்கள் இவ்வளவு கொதிக்கிறீர்கள். ஆனால் அந்தக் கப்பலில் வந்தவர்களே அதை அன்போடுதானே நினைக்கிறார்கள்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'ரஜூலா' என்று சொன்னவுடனே முகம் மலர்கிறதே!"

உண்மை. என் வீட்டிலேயே அப்படி ஒரு முகம் இருக்கிறது. என் பெரியம்மா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1970இல் பதினாறு வயதில், தாத்தாவுக்கு வேலை அனுமதி கிடைக்காமல் போனதால், ரஜூலாவில் வந்தவர். என் அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. வழியெல்லாம் வாந்தி எடுத்ததைத் தவிர அம்மாவுக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் நினைவில்லை. பெரியம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆத்தூர்ப் பக்கத்து ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கப்பலைப் பற்றிப் பேசும்போது அவர் முகமும் மலரத்தான் செய்யும்.

ஏன் மலர்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னது இது: "ஏங்கண்ணு, பொறந்ததுல இருந்து காலையில அஞ்சு மணிக்குத் தண்டவாளத்தத் தட்டுவான். பெரட்டுக்குப் போயி நிக்கணும். கப்பல்ல ஏழு நாளு ஒருத்தனும் தட்டல. எங்கம்மா சூரியன் வந்ததுக்கு அப்பறமும் படுத்திருந்ததை அப்பத்தான் மொதமொதல்ல பாத்தேன்."

நண்பரின் ரசனையும் பெரியம்மாவின் நினைவும் ஒரே கப்பலைப் பற்றியவை. இரண்டையும் ஒரே பெயரால் 'ஏக்கம்' என்று அழைப்பது எவ்வளவு பெரிய சோம்பல்! பெரியம்மா நேசித்தது புகைபோக்கியின் பட்டைகளை அல்ல. பெரட்டுக்களமும் கிராணியின் அதட்டலும் இல்லாத ஏழு நாட்களை அவர் நேசித்தார். பின்னால் ஒரு தோட்டம், முன்னால் ஒரு ஊர். இரண்டுக்கும் இடையில், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு பாயகல இடம் அவருடைய அம்மாவுக்குக் கிடைத்தது.

அந்த இடமும் முழுதாக நிலைக்கவில்லை. நாகப்பட்டினம் நெருங்க நெருங்க, நான்கு நாளாக ஒரே தூக்குவாளியில் காப்பி பகிர்ந்த பக்கத்துப் பாய்க்காரர்கள், "உங்களுக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று விசாரிக்கத் தொடங்கினார்களாம். ஊரைச் சொன்னார்கள். தெருவைச் சொல்லத் தாத்தா தயங்கினார். அதன் பிறகு காப்பி வரவில்லை. கரை கண்ணுக்குத் தெரியும் முன்பே சாதி கப்பலில் ஏறிவிட்டது என்பதற்குப் பெரியம்மாவின் இந்த நினைவைவிடப் பெரிய ஆவணம் எனக்குத் தேவையில்லை. எந்த உணவுப் பட்டியலில் இந்தக் காப்பி இருக்கிறது? எந்த அஞ்சலட்டையில் இருக்கிறது?

*

ரசிகர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நழுவ எனக்கு உரிமையில்லை. நான் தமிழ் இலக்கியம் படித்தவன்; அதைக் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவன். நம் இலக்கியம் இந்தக் கப்பலுக்கு என்ன செய்தது?

கடல் கடந்த உழைப்பாளர்களைத் தமிழ் முற்றிலும் மறந்தது என்று சொல்ல மாட்டேன். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி அழுதார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குள் நம்மை இழுத்துச் சென்றார். அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். மலேசியாவில் அ. ரெங்கசாமி சயாம் ரயில் பாதையை நாவலாக்கினார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. ரஜூலா ஓய்வு பெறுவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு. தமிழ் உரைநடையில் கடல் இரைந்த பக்கங்கள் என்றால் அந்த நாவலின் புயல் பக்கங்களைத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதில் புயலில் சிக்குவது தொங்கான் என்னும் பாய்மரக் கலம்.

லட்சக்கணக்கான தமிழர்களைச் சுமந்த நீராவிக் கப்பலின் தளம் நம் புனைவுகளில் பெரும்பாலும் ஒற்றை வரியாகவே கடந்து போகிறது. "கப்பலேறினான்" என்று ஓர் அத்தியாயம் முடியும். "பினாங்கில் இறங்கியபோது" என்று அடுத்தது தொடங்கும். நடுவிலுள்ள ஏழு நாட்கள் எங்கே? ஊரில் ஒருவனாக ஏறி வேறொருவனாக இறங்குகிறானே, அந்த மாற்றம் நிகழ்ந்த இடம் அதுவல்லவா? பாலை நிலத்தில் பிரிந்து செல்பவனின் ஒவ்வோர் அடியையும் பாடிய மரபு நம்முடையது. பொருள்வயின் பிரிவுக்குத் தனியே துறை வகுத்தவர்கள் நாம். அந்த இலக்கணத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிற எனக்கும், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பொருள்வயின் பிரிவு ஒரு கப்பலின் டெக்கில் நிகழ்ந்தது என்று மாணவர்களிடம் சொல்லத் தோன்றியதில்லை. இந்தக் குற்றச்சாட்டில் முதல் பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும்.

*

பிறர் தங்கள் கப்பல்களை எப்படி நினைக்கிறார்கள் என்றும் பார்ப்போம்.

அமெரிக்காவில் எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் உண்டு. 1952இல் அட்லாண்டிக்கைக் கடந்து வேகச் சாதனை படைத்தது. 1996 முதல் பிலடெல்பியாவில் துருப்பிடித்தபடி நின்றது. அதைக் காப்பாற்ற ரசிகர்கள் அமைப்பு கட்டினார்கள், நிதி திரட்டினார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். கடைசியில் 2025 பிப்ரவரியில் அதை இழுத்துச் சென்றார்கள், புளோரிடா கரைக்கப்பால் மூழ்கடித்துச் செயற்கைப் பவளப்பாறை ஆக்குவதற்காக. அவ்வளவு செல்வமுள்ள நாட்டிலேயே இரும்பைக் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே 1974இல் பம்பாயில் ரஜூலாவை உடைத்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதற்கு அடுத்து அதே வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரமும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைக் காவு கொண்டு, அதே ஆண்டில் உடைபட்டது. இரும்பு போகும். அது இயல்பு.

பிரிட்டனின் எம்பயர் விண்ட்ரஷ் 1954இல் மத்தியதரைக் கடலில் மூழ்கிவிட்டது. ஆனால் 1948 ஜூனில் கரீபியத் தீவுகளிலிருந்து அது டில்பரிக்குக் கொண்டுவந்த ஏறத்தாழ ஆயிரம் பேரின் பட்டியல் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பெயர் தேடிப் படிக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கே அந்தக் கப்பலின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தலைமுறையினர் பலரிடம் தாங்கள் சட்டப்படி வந்தவர்கள் என்று காட்டத் தாள் இல்லை என்ற கொடுமை 2018இல் வெடித்தபோது, அவர்களின் பழைய வருகை அட்டைகளை அரசே 2010இல் அழித்திருந்தது அம்பலமானது. ஒரு கப்பல் பயணத்தின் ஆவணம் என்பது பழம்பெருமைச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒருவர் ஒரு நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பதையே அது முடிவு செய்துவிடும். சிவப்பு அட்டைக்காரர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பஞ்சாபிகள் கோமகதா மாருவை மறக்கவில்லை. 1914இல் வான்கூவரில் இறங்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட கப்பல் அது. அதில் இருந்தவர்கள் 376 பேர். அந்த எண்ணை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2016இல் கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். ரஜூலாவின் இரட்டைச் சகோதரி ரோனா. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கப்பால் ஜெர்மானிய வழிநடத்துக் குண்டு தாக்கி மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களும் கப்பலின் இந்திய மாலுமிகள் பலரும் மாண்டார்கள். நெடுங்காலம் மூடிவைக்கப்பட்ட அந்தச் செய்தியை உயிர் பிழைத்தவர்களும் பிள்ளைகளுமே தோண்டியெடுத்து, 1996இல் அலபாமாவில் நினைவுக்கல் நட்டார்கள்.

இவர்களில் எவரும் இரும்பைக் காப்பாற்றவில்லை. பெயர்களைக் காப்பாற்றினார்கள். நாம் இரண்டையும் விட்டுவிட்டு, புகைபோக்கியின் நிறத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

*

நான் இதை எழுதும் ஊருக்கு வருகிறேன். கெலமங்கலத்துக்கும் ரஜூலாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தக்காளியும் ரோஜாவும் விளையும் எல்லையோர ஊர். சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றோடொன்று பேரம் பேசும். அண்மை ஆண்டுகளில் இன்னும் சில மொழிகள் சேர்ந்திருக்கின்றன. ஓசூர்ச் சிப்காட்டும் சுற்றியுள்ள புதிய தொழிற்சாலைகளும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர்களை அழைக்கின்றன. முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு மூன்று நாள், கழிவறை வாசலில் உட்கார்ந்தபடி வருகிறவர்கள் அவர்களில் உண்டு. முன்னே வந்த ஒருவன் ஊருக்குப் போய்ப் பத்துப் பேரைக் கூட்டி வருகிறான். அவனுக்கு அவர்கள் வழங்கும் பெயர் வேறு. அவன் செய்யும் வேலை நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த வேலைதான்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். இவர்களுக்கு வாக்குரிமை உண்டு, கைப்பேசி உண்டு, திரும்பிப் போகும் ரயில் உண்டு. ஆனால் அவர்களைப் பார்க்கும் நம் கண்ணைப் பற்றிச் சொல்லலாம். என் வகுப்பில் ஒரு மாணவர், அவர்களைக் குறிக்க இப்போது வழக்கத்திலுள்ள அந்த இளக்காரச் சொல்லைச் சொல்லிச் சிரித்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா மலாயாவுக்குப் போனவர் என்று அதற்கு முந்தைய வாரம்தான் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். மலாயாவில் தமிழனை எந்தச் சொல்லால் ஏசினார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர்மீது தவறில்லை. கப்பலின் படத்தைக் காட்டினோம். அதன் டெக்கில் இருந்தவர் பட்டதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு சற்றுத் தயங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

*

குறை சொல்வதோடு நிறுத்தாமல், செய்யக் கூடியதையும் சொல்லிவிடுகிறேன்.

ரஜூலாவின் கடைசிப் பயண ஆண்டில் ஐந்து வயதாக இருந்த குழந்தைக்கு இன்று ஐம்பதைத் தாண்டி ஏழெட்டு வயது. விவரம் தெரிந்த வயதில் வந்தவர்களுக்கு எழுபது, எண்பது. இன்னும் பத்தாண்டுகள் கழித்துக் கேட்க ஆளிருக்காது. நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி, சேலம், நாமக்கல் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன, தமிழ்த்துறைகள் இருக்கின்றன. முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகிறார்கள். ஒரே கவிஞரின் உவமைகளை முப்பதாவது முறையாக எண்ணுவதை ஓராண்டு ஒத்திவைக்கலாம். ஒரு மாணவருக்கு ஒரு முதியவர். கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் ஒலிப்பதிவும் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. யார் பக்கத்தில் படுத்தார்? என்ன சாப்பிட்டீர்கள்? மூட்டையில் என்ன இருந்தது? கப்பலில் யாராவது செத்தார்களா, அவர்களை என்ன செய்தார்கள்? கரை தெரிந்தபோது முதலில் என்ன பேசினீர்கள்?

பெரியம்மாவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் பழுப்பேறிய சீட்டொன்று ஒட்டியிருக்கிறது. அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பது கப்பலின் பெயர் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்பி, பெட்டிக்கு வர்ணம் அடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிப் பாதுகாத்து வந்திருக்கிறார். நான்தான் படித்துப் பார்த்தேன். 'பயணத்தின்போது தேவைப்படாதது' என்று எழுதியிருக்கிறது. அடித்தளத்துக்கு அனுப்பும் பெட்டிகளில் கப்பல் கம்பெனிகள் ஒட்டும் வழக்கமான சீட்டு. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். "எங்கப்பனோட பித்தளைக் குடமும் நாலு வேட்டியும் அதுலதான் கண்ணு இருந்துச்சு. தேவையில்லாமயா தூக்கிட்டு வந்தோம்?" என்றார்.

ஓசூர் நண்பருக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். உங்கள் உழைப்பை நான் இகழவில்லை. பெரியம்மாவுக்கு 1970 என்பது மட்டும் நினைவிருக்கிறது. மாதமும் தேதியும் இல்லை. மழைக்காலம் என்கிறார், அவ்வளவுதான். உங்கள் அலமாரியில் அந்த ஆண்டின் புறப்பாட்டு அட்டவணை இருக்கக்கூடும். ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு ஆத்தூருக்கு வாருங்கள். பினாங்கிலிருந்து எந்தத் தேதியில் புறப்பட்டார், எந்தத் தேதியில் நாகப்பட்டினத்தில் படகில் இறங்கினார் என்று நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். அந்த ஏழு நாட்களில் கப்பலில் என்ன நடந்தது என்று அவர் உங்களுக்குச் சொல்வார். அடுத்த சந்திப்பில் நீங்கள் ரஜூலாவைப் பற்றி மறுபடியும் பேச வேண்டும். நான் முதல் வரிசையில் இருப்பேன்.